இளைப்பு நோயும் இன்ஹேலரும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நிகழ்த்திய உரை)

 

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் என்றாலே, "ஒருமுறை பிடித்தால் விட முடியாது" என நம்மில் பலர் அஞ்சி மாத்திரையை நாடுகின்றனர். சால்புட்டமால் மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து உண்டு. இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் வருவதோ 100 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கே! நேரே மூச்சுக்குழலைச் சேர்வதால் அச்சிறு அளவே போதுகிறது.

சால்புட்டமால் சுருங்கிய குழல்களைச் சில நிமிடங்களில் விரிக்கும். சில மணி நேரத்தில் அதன் பயன் தீர்ந்துவிடும். ஒவ்வாமையால் குழலினுள் உண்டாகும் வீக்கத்தை அது தணிப்பதில்லை. அதனைத் தணிப்பது புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். இதன் முழுப் பயன் தெரிய வாரங்கள் ஆகும். ஆகவே மூச்சு சீராக இருக்கும் நாளிலும் இதனை விடலாகாது.

இதனை நாம் பட்டே அறிந்தோம். இரண்டு மாதமாக இளைப்பே இல்லையென்று, நமது மகனுக்குத் தடுப்பு மருந்தை நாமாகவே நிறுத்தினோம். வெள்ளையடிப்பதற்காக அலமாரிகளை நகர்த்திய அன்றிரவு, தூசியால் அவனுக்கு மூச்சு முட்டியது. சால்புட்டமாலை அடுத்தடுத்து அழுத்தியும் அடங்கவில்லை. பேசவும் இயலாத நிலையில் அவனை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தான். பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ளோர் சால்புட்டமாலை மட்டுமே நம்பியிருத்தல் ஆகாது என்று உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டு நெறிகள் 2019 முதல் கூறி வருகின்றன.

பலர் மருந்தை வாயில் பீய்ச்சி விழுங்கிவிடுகின்றனர். குப்பியைக் குலுக்கி, மூச்சை வெளிவிட்டு, மெல்ல உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து விநாடி மூச்சை அடக்குதல் வேண்டும். சிறுவர்க்கும் முதியோர்க்கும் ஸ்பேசர் குடுவை எளிது. ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புக.

நோன்பு மாதத்தில் மருந்தை அடியோடு நிறுத்துவோரும் உளர். இருவேளைத் தடுப்பு மருந்தை ஸஹர் வேளைக்கும் இஃப்தார் வேளைக்கும் மாற்றிக்கொள்வது குறித்து ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். பகலில் இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை இமாம் அவர்களிடம் கேட்டறிக. ஆயினும் மூச்சு முட்டும் வேளையில் எவரும் தயங்க வேண்டா. நோயாளி பின்னர் நோற்கும் சலுகை குர்ஆனிலேயே உள்ளதன்றோ!

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜும்ஆ நாளில் பள்ளியினுள் சாம்பிராணிப் புகை போடுவதைத் தவிர்த்து, தொழுகை விரிப்புகளை அடிக்கடி தூசி நீக்கி வெயிலில் காயவைக்க ஏற்பாடு செய்யுங்கள். பின்வரிசையில் இருமிக்கொண்டு நிற்போரில் நம் மகனும் ஒருவன்.