கடன் கேட்கும் முன்னே, மனை எங்கே என்று பாருங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் செயலாளர் பேசியது)



வீட்டுக் கடனைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. எவ்வளவு கிடைக்கும், வட்டி எத்தனை என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். அதுக்கு முன்னால கேட்க வேண்டியது: உங்க மனை யார் எல்லையில இருக்கு, எந்த வகை நிலத்துல இருக்கு?

கலைஞரின் கனவு இல்லம் 2024-25-ல் ஆரம்பிச்ச திட்டம். 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்துல சமவெளிக்கு அடிப்படைத் தொகை 1.20 லட்சம், கான்கிரீட் கூரைக்கு மாநில அரசு தனியாகச் சேர்த்துத் தருது. இரண்டும் ஊராட்சிக்குள்ள இருக்கிற வீட்டுக்கு மட்டும்தான்.

இங்கதான் நம்மாளுங்க ஏமாந்து போறாங்க. வயல் இருக்கு, மாடு இருக்கு, அப்போ இது கிராமம்தானே என்று நினைக்கிறோம். அரசாங்கக் கணக்கு அப்படி இல்லை. சுத்தி நெல்லு விளைஞ்சாலும் பேரூராட்சி என்றால் அது நகர்ப்புறம். ஆதார் அட்டையில ஊர் பேர் இருக்கே என்று காட்டினாலும் செல்லாது. பட்டாவுல இருக்கிறது வருவாய் கிராமம். வி.ஏ.ஓ. பார்க்கிற அந்தக் கிராமமும் தலைவர் பார்க்கிற ஊராட்சியும் ஒன்று இல்லை. ஒரே வருவாய் கிராமத்துல பாதித் தெரு ஊராட்சியிலயும் பாதித் தெரு பேரூராட்சியிலயும் இருக்கலாம்.

சுலபமா கண்டுபிடிக்க, இந்த வருஷத்து வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. மேலே ஊராட்சி என்று இருக்கா, பேரூராட்சி என்று இருக்கா? பழைய ரசீது வேண்டாம். ஏன்னா டவுனை ஒட்டின ஊராட்சிகளை நகராட்சியோடவும் மாநகராட்சியோடவும் சேர்த்துக்கிட்டு வர்றாங்க. அப்படி ஒரு பேச்சு உங்க ஊர்ல அடிபட்டால், அஸ்திவாரம் தோண்டுறதுக்கு முன்னாலயே வட்டார வளர்ச்சி அலுவலகத்துல போய்க் கேளுங்க.

பேரூராட்சியில இருக்கிறவங்க மனசு விட வேண்டாம். பிரதமர் வீட்டுத் திட்டத்துக்கு நகர்ப்புறப் பிரிவு தனியா இருக்கு. அதுக்குச் செயல் அலுவலர்கிட்டயும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அலுவலகத்துலயும் விசாரிக்கணும். தப்பான வாசல்ல போய் நின்னா மனு திரும்பி வரும். வருஷம் ஒண்ணு வீணாகும்.

அடுத்தது நிலத்தின் வகை. இது இன்னும் பெரிய விஷயம். ஒரு குழுவுல ஒரு அக்கா மூணு தலைமுறையா இருந்த இடம் என்று நம்பி, குழுக் கடனை எடுத்து லிண்டல் மட்டம் வரைக்கும் கட்டிட்டாங்க. அளந்து பார்த்தா அது வாய்க்கால் புறம்போக்கு. வேலை நின்னுது, தவணை நிக்கலை. கூட இருந்த பதினோரு பேரும் சேர்ந்துதான் கட்டினாங்க. இதுல அந்த அக்காவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கரண்டு இணைப்பும் வரி ரசீதும் இருந்தா இடம் நம்முது என்றுதானே எல்லாரும் நினைக்கிறோம்? வரி ரசீது பட்டா ஆகாது.

நத்தம் என்பது குடியிருக்கவே ஒதுக்கின நிலம். அதுல உங்க பேருக்குப் பட்டா இருந்தா நிம்மதி. ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்றால் எத்தனை வருஷம் இருந்தாலும் நம்பிக் கட்டாதீங்க. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் போட்டாச்சு. கோயில் நிலம், வன நிலத்துக்கும் நம்ம பேர்ல பட்டா வராது. இதையெல்லாம் அ-பதிவேட்டுல பார்க்கலாம். அரசு நில ஆவண இணையதளத்துல வட்டம், கிராமம், சர்வே எண் போட்டா உங்க பிள்ளைங்களே போன்ல எடுத்துக் கொடுப்பாங்க. புரோக்கருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

பட்டா இன்னும் மாமனார் பேர்லயே இருக்கா? அப்போ வாரிசுச் சான்றிதழும் பட்டா மாறுதலும் முதல்ல. இதுக்கு மாசக்கணக்காகும், அதனால இப்பவே ஆரம்பிங்க. முடிஞ்சால் வீட்டுக்காரர் பேரோட உங்க பேரையும் சேர்க்கச் சொல்லுங்க. கேட்கக் கூச்சமா இருக்கும், இருந்தாலும் கேளுங்க.

பேங்க்ல வீட்டுக் கடன் வாங்குறவங்க வில்லங்கச் சான்றும் பார்க்கணும். ரோட்டோரம் கல் நட்டு விற்கிற மனை என்றால் டி.டி.சி.பி. அனுமதி எண் கேளுங்க. பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொன்னா நம்பாதீங்க. மனைப்பிரிவுக்கு அனுமதி தர ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் இல்லை. அனுமதி இல்லாத மனையா இருந்து, 20.10.2016-க்கு முன்னால பத்திரம் ஆகியிருந்தா வரன்முறைப்படுத்த 2017-ல் விதி வந்திருக்கு. அதுக்குப் பிறகு வாங்கினது சிக்கல்தான்.

பயனாளிப் பட்டியலைக் கிராம சபையில வைப்பாங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 — இந்த ஆறு நாளும் போய் உட்காருங்க. பட்டியலை வாசிக்கச் சொல்லுங்க. பேர் விட்டுப்போயிருந்தா அங்கேயே எழுந்து சொல்லி, தீர்மானத்துல எழுத வைங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வரி ரசீது, பட்டா ரெண்டையும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. கணக்காளரும் நானும் ஒவ்வொருத்தருக்கா உட்கார்ந்து பார்த்துத் தர்றோம்.