சமயம் ஏன் கசக்கிறது?

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சமயம் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே முகம் சுளிப்போர் இன்று பெருகி வருகின்றனர். படித்த இளைஞர் பலர் கோயிலுக்கு வருவது பெற்றோர் மனம் நோகலாகாது என்பதற்காகவே. சமயம் என்றால் பூசல், சமயம் என்றால் மூடநம்பிக்கை, சமயம் என்றால் பணம் என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் வேரூன்றியுள்ளது. பஞ்சம காலத்தின் இயல்பு இது என்று பெருமூச்சுடன் ஒதுக்குவார் உளர். மேலைக் கல்வி விளைத்த கேடு என்பாரும் உளர். இவ்விரு விடைகளும் எளியவை. சொல்பவர்க்கு எந்தப் பொறுப்பையும் தாராதவை. நோயின் இடத்தை அறியாமல் மருந்து தேடுதல் வீண். ஆதலின் நோயின் வரலாற்றை முதலில் காணுதல் வேண்டும்.

சமயப் போலியைக் கண்டு உலகம் நகைப்பது இக்காலத்துப் புதுமையன்று. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் இயற்றினான். கள்மயக்கத்தில் திரியும் காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். புத்தத் துறவி ஒருவர் அதனைத் திருடினார் என்று பழி சுமத்துகிறான். வீதியில் வழக்கு முற்றுகிறது. முடிவில், கபாலத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்பது தெரியவருகிறது. திருவள்ளுவரும் கூடாவொழுக்கம் என ஓர் அதிகாரமே வகுத்து, துறவுக் கோலத்துள் மறைந்து தீமை செய்வாரைக் கடிந்துரைத்தார். ஆயினும் அன்றைய நகைப்புக்கும் இன்றைய வெறுப்புக்கும் வேறுபாடு உண்டு. வள்ளுவர் போலித் துறவியைப் பழித்தார். அதே நூலில் நீத்தார் பெருமையையும் பாடினார். இன்றோ போலியையும் மெய்யையும் ஒருங்கே தள்ளிவிடும் போக்கு காணப்படுகிறது. இம்மாற்றம் எதனால் நேர்ந்தது?

ஐரோப்பிய வரலாறு ஒரு விடை தருகிறது. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர், கிறித்தவ சமயத்தின் இரு பிரிவினரிடையே மூண்டு, பின்னர் அரசுகளின் ஆதிக்கப் போட்டியாகவும் வளர்ந்து, செருமானிய நிலப்பரப்பைப் பாழாக்கிற்று. அப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1633இல், பூமி ஞாயிற்றைச் சுற்றுகிறது என்ற கருத்துக்காகக் கலீலியோ உரோமில் சமய நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். தம் கருத்தைக் கைவிடுவதாக மண்டியிட்டுக் கூறவேண்டியதாயிற்று. 1642இல் இறக்கும்வரை அவர் வீட்டுக்காவலிலேயே வாழ்ந்தார். அவ்வழக்கில் பிழை நேர்ந்தது என்பதைப் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் வெளிப்பட ஒப்புக்கொண்டது 1992இல். பிழையை ஒப்புவதற்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பிழை செய்ததைக் காட்டிலும், அதனை ஒப்புவதில் காட்டிய தயக்கமே சமயத்தின்மேல் ஐயத்தை வளர்த்தது எனலாம்.

பிரான்சு நாட்டுத் துலூசு நகரில் வாழ்ந்த ஜான் கலா என்னும் வணிகரின் கதையும் எண்ணத்தக்கது. அவர் சிறுபான்மைப் புரொட்டசுட்டண்டுப் பிரிவினர். அவருடைய மகன் ஒருவன் வீட்டில் இறந்து கிடந்தான். அவன் கத்தோலிக்கப் பிரிவுக்கு மாற எண்ணியதால் தந்தையே கொன்றுவிட்டார் என்று ஊரார் கூறினர். சான்று இல்லை, வெறுப்பு இருந்தது. 1762 மார்ச்சுத் திங்களில் அம்முதியவர் சக்கரத்தில் கட்டி எலும்பு முறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். வால்தேர் என்னும் எழுத்தாளர் அவ்வழக்கைக் கையிலெடுத்தார். 1763இல் சமயப் பொறை பற்றி ஒரு நூல் எழுதினார். 1765இல் கலா குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. வால்தேர் கடவுளை மறுத்தவர் அல்லர் என்பது இங்குக் கருதத்தக்கது. சமயத்தின் பெயரால் ஒரு முதியவரின் எலும்பு முறிக்கப்படுவதையே அவர் எதிர்த்தார். நல்ல மனமுடையோர் சமயத்துக்கு வெளியே நின்று அறம் பேசவேண்டிய நிலை இவ்வாறுதான் உண்டாயிற்று.

தென்னாட்டில் இக்கசப்பு வேறு வாயிலாக வந்தது. இங்கே தெருவே வழக்காயிற்று. 1924ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் திருவிதாங்கூர் நாட்டு வைக்கத்தில் அறப்போர் தொடங்கியது. கோயிலுக்குள் செல்லும் உரிமையை அவர்கள் அன்று கேட்கவில்லை. மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமையையே கேட்டனர். நாயும் மாடும் நடக்கும் தெருவில், பிறப்பால் தாழ்ந்தவர் எனப்பட்ட மனிதர் நடத்தல் ஆகாது என்ற தடைக்குச் சமயமே அரணாக நின்றது. அப்போரில் தலைவர்கள் சிறைப்பட்டபின், ஈரோட்டிலிருந்து பெரியார் ஈ.வெ.இராமசாமி சென்று முன்னின்றார். தாமும் சிறை புகுந்தார். 1925இல் சுயமரியாதை இயக்கம் தோன்றியது. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12இல். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அ. வைத்தியநாதையர் ஒடுக்கப்பட்டோரை அழைத்துச் சென்றது 1939 சூலை 8இல்.

இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் அறிவித்த அண்ணல் அம்பேத்கர், 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். இருபத்தோராண்டு ஆராய்ந்த பின்னும் அவர் சமயமே வேண்டா என்று முடிவு செய்யவில்லை. மனிதனை மனிதனாக மதிக்கும் சமயம் ஒன்றைத் தேடினார். சமயத்தை வெறுப்போர் என்று எண்ணப்படுவோருள் பலர், உண்மையில் சமயத்தால் வெளியே நிறுத்தப்பட்டவர்களே.

மேற்கூறிய நிகழ்ச்சிகளை ஒருங்கு வைத்து நோக்கினால், வெறுப்பின் வேர்கள் புலனாகும். அரசனின் வாளும் சமயத்தின் சொல்லும் ஒரே கையில் சேர்ந்தமை ஒன்று. பிறப்பினால் உயர்வு தாழ்வு வகுத்து, அதற்குக் கடவுளைச் சான்றாக்கியமை ஒன்று. வினாவைக் கண்டு அஞ்சியமை ஒன்று. இவற்றோடு இக்காலத்தில் செல்வப் பகட்டும் சேர்ந்துகொண்டது. இவை யாவும் வேறு வேறு போலத் தோன்றினும், இவற்றின் அடியில் இருப்பது செருக்கு என்னும் ஒன்றே.

இங்கே மொழி ஒரு செய்தி சொல்கிறது. வடமொழியில் கொள்கையைக் குறிக்கும் மதம் என்பது ஒரு சொல். வெறியையும் செருக்கையும் குறிக்கும் மதம் என்பது மற்றொரு சொல். ஒலியிலும் அவை வேறானவை. தமிழ் எழுத்தில் வந்தபோது இரண்டும் ஒரே வடிவம் பெற்றன. யானைக்கு மதம் பிடித்தது என்பதிலும், மதத்தலைவர் என்பதிலும் எழுத்து ஒன்றே. எழுத்தில் தற்செயலாக நேர்ந்த இக்கலப்பு வாழ்க்கையிலும் நேர்ந்ததுதான் துன்பம். மகேந்திரவர்மன் தன் நாடகத்துக்கு இட்ட பெயரில் உள்ள 'மத்த' என்பதும் இரண்டாவது மதத்தின் வழிவந்த சொல்லே.

சமண அறநூல்கள் இவ்விரண்டாவது மதத்தை எட்டாக வகுத்து எச்சரித்துள்ளன. சமந்தபத்திரர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரத்திலும், அதனை அடியொற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பிலும் இவ்வெட்டு மதங்களைக் காணலாம். அறிவு, பிறர் செய்யும் சிறப்பு, குலம், சாதி, வலிமை, செல்வம், தவம், உடலழகு ஆகியவை பற்றிய செருக்குகள் அவை. குலச்செருக்கும் சாதிச்செருக்கும் நற்காட்சிக்குப் பகை என்று சமய நூலே கூறுகிறது. தவம் செய்ததால் வரும் செருக்கையும் அது விடவில்லை. உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம் என மூவகை மூடங்களையும் விலக்கச் சொல்கிறது. பொருளாசை நீங்காத போலித் துறவியைப் போற்றுவதே இவற்றுள் மூன்றாவது. இக்காலப் பகுத்தறிவாளர் சமயத்தின்மேல் சுமத்தும் குற்றச்சாட்டுகளுள் பெரும்பாலானவை, சமயம் தன்னைத் தானே காத்துக்கொள்ள வகுத்த விலக்குகளாகவே இருப்பதைக் காணலாம்.

நூலில் உள்ளது ஒழுக்கத்தில் உள்ளதா என்பதே வினா. இவ்வினாவிலிருந்து எந்தச் சமயத்தாரும் தப்ப இயலாது. சமணரும் தப்ப இயலாது. கொல்லாமை சமையலறையோடு நின்றுவிடுகிறதா என்று இளைஞன் கேட்கிறான். எறும்புக்கு இரங்கும் கை, கடையில் வேலை செய்பவனுக்குக் கூலி கொடுக்கும்போது சுருங்குவதை அவன் பார்க்கிறான். ஆடையும் துறந்த அருகனின் திருமுன் ஆடம்பரம் அரங்கேறுவதையும், பொருளுக்கு வரம்பு கட்டுக என்னும் விரதத்தைப் போற்றும் விழாவில் யார் மிகுதியாகக் கொடுத்தார் என்பதே பேச்சாக இருப்பதையும் அவன் காண்கிறான். நன்கொடையாளர் பெயர்ப்பலகையில் தன் பெயர் எத்தனையாவது வரியில் வந்தது என்பதற்காக உறவுகள் முறிவதையும் அவன் அறிவான். அவன் வாய் திறந்து எதிர்ப்பதில்லை. அடுத்த ஆண்டு வராமல் இருந்துவிடுகிறான். எதிர்ப்பவனுக்கு விடை சொல்லலாம். வராதவனிடம் என்ன சொல்வது?

சமயத்தின்மேல் கூறப்படும் பழிகள் யாவும் முறையானவை என்பதன்று. சமயத்தை ஒழித்துவிட்டால் கொடுமை ஒழியும் என்பதற்கு வரலாறு இடம் தரவில்லை. சமயத்தைப் பகையாகக் கருதிய சோவியத்து ஆட்சியில் 1937, 1938 ஆம் ஆண்டுகளில் பல இலட்சம் பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூச் ஆட்சி, பௌத்த விகாரங்களை மூடி, துறவிகளைக் கட்டாயமாகத் துறவு கலைக்கச் செய்து, சொந்த மக்களையே பெருந்திரளாக அழித்தது. ஆகவே செருக்கு எக்கொள்கையிலும் குடிபுக வல்லது. ஆனால் பிறரிடமும் குற்றம் உண்டு என்று காட்டுவது தன் குற்றத்துக்கு விடையாகாது. பிற கொள்கைகள் அதிகாரம் கேட்கின்றன; சமயமோ நம்பிக்கையைக் கேட்கிறது. நம்பிக்கையைக் கேட்பவர்க்குப் பொறுப்பு மிகுதி.

சமயம் நற்பெயர் பெற்றிருந்த காலத்தில் அதனை எவ்வாறு பெற்றது? சமண முனிவர் உறைவிடத்தைக் குறித்த பள்ளி என்னும் சொல்லே இன்று கல்விக்கூடத்தின் பெயராய் நிற்கிறது. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நால்வகைக் கொடையைச் சமணர் போற்றினர். அஞ்சி ஓடிவந்தவனுக்குப் புகலிடம் தருதலும் கொடையே என்று கருதிய அறம் அது. பசித்தவன், நோயுற்றவன், கல்லாதவன், அஞ்சியவன் ஆகிய நால்வரும் எந்த வாயிலில் ஐயமின்றி வந்து நின்றனரோ, அந்த வாயிலை எவரும் வெறுத்ததில்லை. இன்று உணவும் மருந்தும் கல்வியும் பெரும்பாலும் அரசின் கடமைகளாயின. அடைக்கலம் என்னும் நான்காவது கொடைக்கு இன்னும் இடம் இருக்கிறது. தனித்து வாழும் முதியோர், கணவனை இழந்த பெண்டிர், கடனில் மூழ்கி வெளியில் சொல்ல நாணும் குடும்பத்தார் ஆகியோர்க்கு அஞ்சாதே என்று சொல்ல யாரேனும் வேண்டும்.

வினாவுக்கு அஞ்சாமையும் வேண்டும். 1894இல் தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியடிகள், சமயம் பற்றிய ஐயங்களால் கலங்கி, 27 வினாக்களை எழுதி இராய்சந்திர பாய் என்னும் சமண அறிஞருக்கு அனுப்பினார். கடவுள் யார், உயிர் யாது, வீடுபேறு யாது என்பன போன்ற அடிப்படை வினாக்கள் அவை. அவற்றைக் கேட்பது பாவம் என்று அவ்வறிஞர் சொல்லவில்லை. பொறுமையுடன் விடை எழுதினார். காந்தியடிகளின் கலக்கம் தணிந்தது. அனேகாந்தம் என்பது மேடையில் பேசும் தத்துவம் மட்டுமன்று. மகன் கேட்கும் கேள்வியிலும் உண்மையின் ஒரு கூறு இருக்கக்கூடும் என்று தந்தை காது கொடுப்பதும் அனேகாந்தமே. வாயை மூடு என்னும் விடையைப் பெற்ற பிள்ளை, பிறகு சமயத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

செய்யக்கூடியவை சில உள. விழாவின் வரவு செலவை விழா மேடையிலேயே படிக்கலாம். அலங்காரச் செலவுக்கு ஒரு வரம்பு கட்டி, மிஞ்சியதைப் பெயர் குறிப்பிடாத கொடையாக ஓர் ஏழை மாணவரின் படிப்புக்கு அளிக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ஒரு மணி நேரம் பெரியோர் பேசாமல் இருந்து, இளைஞர் கேட்க, பின்னர் விடை கூறலாம். விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்வதனால் சமயத்துக்கு இழுக்கு இல்லை.

திகம்பர மரபில் வழங்கும் வரலாறு ஒன்று உண்டு. வேதம் வல்ல இந்திரபூதி கௌதமர், மகாவீரரை வாதில் வெல்லும் எண்ணத்தோடு சமவசரணத்துக்கு வந்தார். வாயிலில் நின்ற மானத்தம்பத்தைக் கண்டதும் அவர் செருக்கு அடங்கிற்று. உள்ளே சென்றார், ஐயம் நீங்கினார், முதற் கணதரர் ஆனார். வாதிட வந்தவருக்கும் அங்கே வாயில் திறந்தே இருந்தது என்பது எண்ணத்தக்கது. மானத்தம்பம் இன்றும் கோயில்களின் முன் நிற்கிறது. கோயிலுக்கு வெளியே நிற்பவர் செருக்கை அடக்குவதற்கு மட்டும் அது நிறுவப்படவில்லை. நாள்தோறும் அதனைக் கடந்து உள்ளே செல்வோர் செருக்கும் அங்கேயே இறக்கி வைக்கப்படுமாயின், சமயத்தைக் கண்டு முகம் சுளித்த இளைஞர் தாமாகவே வந்து அமர்வர்.