பட்டியலில் பேர் விழ வேண்டும்

(பதுளையில் நடந்த தோட்டத் தலைவர்கள், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து லயங்களுக்குள் சேறு புகுந்தது. வீடு துப்புரவாக்க 25,000 ரூபாய் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. முதலில் 10,000 என்றார்கள், பிறகு கூட்டினார்கள். அந்த நாட்களில் நாம் லயம் லயமாகப் போனோம். ஒரு பாட்டி இஸ்தோப்பில் சேற்றுக் காலோடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இத எத்தன மாசத்துல கழிப்பாங்க, தம்பி?"

சிரிப்பு வந்தது. கொஞ்சம் தள்ளி நடந்த பிறகு சிரிக்க முடியவில்லை. தீபாவளிக்கு நாம் வாங்குவது முற்பணம். சம்பளத் துண்டில் மாதா மாதம் அது கழியும். கைக்கு வருகிற எந்தப் பணமும் கடன்தான் என்று நம் மக்கள் பழகிப் போயிருக்கிறார்கள்.

ஆகவே லயத்தில் இதை முதலில் சொல்லுங்கள். இது முற்பணம் இல்லை, சம்பளத்தில் யாரும் கழிக்க முடியாது. தர்மமும் இல்லை. போனுக்கு ரீலோட் போடும்போதும் சவர்க்காரம் வாங்கும்போதும் நாமும் 18 வீதம் வற் வரி கட்டுகிறோம். எந்தச் சங்கமும், நம் சங்கமும் சேர்த்துத்தான், "நாங்கள் வாங்கிக் கொடுத்தோம்" என்று மாலை போட்டுக்கொள்ளக் கூடாது. 2020இல் அப்படிப் பேசியவர்கள் நம் மேடையிலும் இருந்தார்கள்.

அந்த 2020ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கொரோனா ஊரடங்கு. ஏப்ரலிலும் மே மாதத்திலும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் கொடுத்தார்கள். நாடே வீட்டுக்குள் இருந்தபோது நாம் மலையில் கொழுந்து பறித்தோம். வேலை செய்கிறீர்கள், சம்பளம் வருகிறது என்று சொல்லியே நம்மில் பலரைத் திருப்பி அனுப்பினார்கள். மாதத்தில் எத்தனை நாள் பேர் விழுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கிடைத்த இடத்திலும் சண்டை. ஒரு லயக் காம்பராவில் அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், தாய் தகப்பன். ஒரே கூரை, மூன்று அடுப்பு. பட்டியல் எழுதியவர் கதவைத்தான் எண்ணினார், அடுப்பை எண்ணவில்லை. பணம் அண்ணன் பேருக்கு வந்தது. இரண்டு மருமக்களும் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத வீடு நமக்குத் தெரியும். தப்பு அந்தப் பெண்களுடையதா?

இந்த முறை வேறொரு கேள்வி வந்தது. சில இடங்களில் "வீட்டுக்கு உறுதி இருக்கிறதா?" என்று கேட்டார்களாம். லயம் கம்பனியுடையது, நம்மிடம் எங்கே உறுதி? ஆனால் சேற்றை வாரியது கம்பனியா? பாயும் பானையும் நனைந்தது துரைக்கா? துப்புரவுப் பணம் துப்புரவாக்கியவருக்குச் சேர வேண்டும். குடியிருப்பவர் யார் என்பதுதான் கணக்கு. இதில் நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

25,000 என்றால் எவ்வளவு? அப்போதிருந்த 1,350 ரூபாய் சம்பளத்தில் பதினெட்டரை நாள் பேர். பெரிய தொகைதான். ஆனால் ஒரு தாளுக்காக நாலு தடவை பிரதேச செயலகத்துக்கு அலைந்தால் நாலு பேர், அதாவது 5,400 ரூபாய், பஸ் காசு வேறு. அதனால் ஆள் ஆளாக அலைய வேண்டாம். லயத்துக்கு ஒரு பட்டியல் நாமே எழுதுவோம். அடுப்புக்கு ஒரு குடும்பம் என்று எழுதுவோம்.

செக்ரோலில் பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. இது நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அரசாங்கப் பட்டியலும் அதே மாதிரிதான். அஸ்வெசும மாதா மாதம் வருவது, அதில் விடுபட்டாலும் பிறகு போராடிச் சேரலாம். ஒரு தடவைப் பணம் அப்படியில்லை. பட்டியல் மூடினால் முடிந்தது.

விடுபட்டவர்கள் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். கிராம உத்தியோகத்தருக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றைப் பிரதேச செயலாளருக்கு அனுப்புங்கள், ஒன்றை வீட்டில் வையுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், தமிழும் இந்த நாட்டின் ஆட்சி மொழி. ஏன் விடுபட்டது என்று பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நம்மில் பலர் இதைப் பாவிப்பதே இல்லை.

இன்னொன்று. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையை நாம் மறக்கவில்லை. மண் சரியும்போது அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கூடவே போகும். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வேறு தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். இந்த வேலைக்குப் பிள்ளைகளைப் பிடியுங்கள், அவர்களுக்கு ஐந்து நிமிஷம் போதும்.

வெளியே மேசையில் தாளும் பேனாவும் இருக்கிறது. எழுதிக் கொடுக்க இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். விடுபட்ட குடும்பங்களின் விபரம் கொண்டு வந்தவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் அங்கே போங்கள். மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்தவர்களுக்கு முதலில் இடம் விடுங்கள், அவர்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.