கிளிக் என்றதும் நிறுத்துவோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் பேசியது)



"ஸ்கூட்டருக்கு நாமே ஆயில் மாத்த முடியுமா?" என்று போன கூட்டத்தில் கேட்டீர்கள். முடியும். நாங்கள் மாத்தினோம். எப்படி என்பதற்கு முன்னால், ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க, 2018இல் தமிழக அரசு பாதி விலையை, அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை, மானியமாகக் கொடுத்தது. அந்தத் திட்டம் இப்போது இல்லை. அன்றைக்கு எங்களில் ஒருவர் அந்த மானியத்தோடு குழுவின் உள்கடனையும் சேர்த்து வண்டி வாங்கினார். ஷூ கம்பெனிக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, எல்லாத்துக்கும் அதுதான். ஒரு நாள் மாதனூர் தாண்டி வண்டி நின்றுபோச்சு. ஆயில் முழுக்க ஒழுகி, இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆயில் வடிக்கிற போல்ட்டின் மரை போயிருந்தது. முன்பு ஆயில் மாத்தினவர் ஸ்பானரில் குழாயைச் செருகி முறுக்கியிருக்கிறார். வண்டி நின்றாலும் தவணை நிற்குமா? வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம்.

அந்த போல்ட் இரும்பு. அது போய் உட்காருகிற இன்ஜின் உடம்பு அலுமினியம். இரும்பை அளவு மீறி முறுக்கினால் அலுமினியத்தின் மரைதான் தேயும். சரி, பயந்து லேசாக விட்டால்? ஓடுகிற அதிர்வில் கழன்று ஆயில் சொட்டும். ரெண்டும் ஆபத்து. நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அதைக் காட்டுகிற கருவிதான் டார்க் ரெஞ்ச்.

அந்த அளவை நியூட்டன் மீட்டர் என்கிறார்கள். பெயரைக் கேட்டு மலைக்காதீர்கள். 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பானரைப் படுக்கையாகப் பிடித்து, அதன் நுனியில் 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கோ, அது சுமார் 24.5 நியூட்டன் மீட்டர். எங்கள் வண்டிக்கு 24. உங்கள் வண்டிக்கு வேறாக இருக்கலாம். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் பாருங்கள், இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"எத்தனை வருஷமா மெக்கானிக் கையாலதானே முறுக்குறாங்க?" என்று கேட்கலாம். கம்பெனியில் நாம் தோலைத் தொட்ட உடனே கனம் சொல்லிவிடுவோம். ஆனாலும் கேஜ் வைத்துப் பார்த்த பிறகுதானே அடுத்த வேலைக்கு அனுப்புகிறார்கள்? அது நம் கைக்கு அவமானமா? இல்லை. சரக்குக்குப் பாதுகாப்பு. இதுவும் அப்படித்தான்.

இனி வேலைக்கு வருவோம். இலவச சர்வீஸ் முடியும்வரை ஷோரூமிலேயே மாத்துங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். அதற்குப் பிறகு நாமே மாத்தலாம்.

1. இன்ஜினை ரெண்டு மூணு நிமிஷம் ஓடவிட்டு அணைக்கவும். சமதரையில் மெயின் ஸ்டாண்டு போடவும். முந்தானை, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்ளவும். ஆயில் சுடும்.

2. சரியான போல்ட்டைப் பார்க்கவும். பின்சக்கரத்துப் பக்கம் கியர் ஆயிலுக்குத் தனியாக ஒரு போல்ட் உண்டு. அதைக் கழற்றிவிடக் கூடாது.

3. சாதாரண ஸ்பானரால் கழற்றவும். கழற்றுவதற்கு டார்க் ரெஞ்ச் வேண்டாம். பழைய ஆயில் முழுக்கத் தட்டில் வடியட்டும்.

4. போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு, முதலில் விரலாலேயே திருகவும். விரலுக்குப் போகாவிட்டால் மரை கோணலாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். எடுத்துவிட்டுத் திரும்பப் போடவும்.

5. டார்க் ரெஞ்சின் பிடியைத் திருகி அளவு வைக்கவும். சில ரெஞ்சில் அடி-பவுண்டு என்று இன்னொரு கணக்கும் இருக்கும். அதில் 24 வைத்தால் 32 நியூட்டன் மீட்டருக்கு மேல் போய்விடும். லாரி சக்கரத்துக்கான பெரிய ரெஞ்ச் நமக்கு ஆகாது.

6. பிடியில் மட்டும் கை வைத்து, நிதானமாக இழுக்கவும். 'கிளிக்' என்றதும் நிறுத்தவும். "இன்னும் ஒரு முறுக்கு" என்று போனால் அத்தனையும் வீண்.

7. புத்தகத்தில் சொன்ன ரகத்தில், சொன்ன அளவு புது ஆயில் ஊற்றவும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்து, குச்சியில் மட்டமும் அடியில் கசிவும் பார்க்கவும். ரெஞ்சைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைத்து மூடவும்.

அப்புறம் வாரம் ஒரு முறை குச்சியை எடுத்துப் பாருங்கள். அந்தப் பழக்கம் இருந்திருந்தால் மாதனூரில் வண்டி நின்றிருக்காது.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ பாலாற்றிலோ ஊற்றாதீர்கள். தோல் பதனிடும் கழிவால் பாலாறும் கிணறும் கெட்ட வழக்கில்தான், மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தோல் கம்பெனியைக் கேள்வி கேட்கும் நாம் அந்தத் தப்பைச் செய்யலாமா? கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கேலி பேசினவர்களும் இருந்தார்கள். பெண்கள் நிறுத்தவில்லை. அவர்கள் ஓட்டிக் காட்டினார்கள். நாம் வண்டியின் அடியில் இருக்கிற போல்ட்டையும் தெரிந்துகொள்வோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆளுக்கொரு ரெஞ்ச் தேவையில்லை. கூட்டமைப்பின் பொது நிதியில் ஒன்று வாங்குவோம். நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போய், திருப்பித் தருவோம். சேமிப்பை ஒரே பெட்டியில் போட்டு வளர்த்தவர்கள்தானே நாம்? இதைத் தீர்மானமாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம். முதல் ஆயில் மாத்தும்போது பக்கத்தில் நிற்க எங்கள் குழு வரும்.