வெடித்தது எங்கே?
(சொற்பொழிவின் சாரம்)



நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. கிடைத்த புஸ்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களை விசாரித்தும் அறிந்த ஒரு சங்கதியைச் சொல்ல வந்திருக்கிறேன்.

ரஷ்யர்கள் இரகசியமாய் அணுகுண்டுப் பரீட்சை செய்கிறார்களா என்று வேவு பார்க்க, அமெரிக்க சர்க்கார் "வேலா" என்னும் செயற்கைக் கோள்களைச் சுற்றவிட்டிருந்தார்கள். 1967-ம் வருஷம் ஜூலை 2-ந் தேதி அவற்றில் ஒரு வெடிப்பு பதிவாயிற்று. அது குண்டுமல்ல, பூமியிலிருந்து கிளம்பியதுமல்ல. எக்ஸ்ரேயைவிடக் கடுமையான காமா கதிர், ஆகாயத்தில் எங்கிருந்தோ சில விநாடி பாய்ந்து நின்றுவிட்டது. இதுபோல் பல கண்டபின், 1973-ல் விஷயத்தை வெளியிட்டார்கள். அதற்குப் பின் 24 வருஷ காலம், இவை பக்கத்தில் வெடிக்கின்றனவா, பிரபஞ்சத்தின் கோடியில் வெடிக்கின்றனவா என்பதே ருசுவாகவில்லை!

ஏன்? நடுராத்திரியில் ஒரு வெடிச் சத்தம் கேட்கிறது. எழுந்து வருவதற்குள் அடங்கிவிட்டது. நம் தெருவில் வெடித்த சிறு பட்டாசா, அடுத்த ஊரில் வெடித்த பீரங்கியா? காதை மட்டும் நம்பினால் தெரியாது. ஆனால், ஒரு வைக்கோற்போர் பற்றிப் புகைந்து கொண்டிருந்தால், அதைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்து விடலாமல்லவா? அந்தப் புகைதான் இங்கு பின்னொளி என்பது. வெடித்துச் சிதறிய பொருள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் சுற்றிலுமுள்ள வாயுவில் மோதுகிறது. மோதி வேகம் தணியத் தணிய எக்ஸ்ரேயாகவும், சாதாரண வெளிச்சமாகவும், ரேடியோ அலையாகவும் நாட்கணக்கில் மங்கிக்கொண்டே போகும்.

அந்த வெளிச்சம் அகப்படாத காலத்தில் பண்டிதர்கள் சொன்ன சித்தாந்தங்கள் நூற்றுக்கு மேல். (அகப்படாத பொருளைப் பற்றித்தானே அதிகம் பேச முடியும்!) 1995-ம் வருஷம் ஏப்ரலில் வாஷிங்டனில் ஒரு பகிரங்க விவாதமே நடந்தது. நமது பால்வீதியைச் சுற்றியே வெடிக்கின்றன என்றார் லாம்ப். அதற்கெல்லாம் அப்பால், வெகு தூரத்தில் என்றார் பசின்ஸ்கி. இவர் 1986-லேயே அப்படிச் சொன்னவர். அப்போது பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. கூட்டம் கலைந்தது, வழக்குத் தீரவில்லை.

1997-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி ஒரு வெடிப்பு. இத்தாலியர்களும் டச்சுக்காரர்களும் சேர்ந்து அனுப்பியிருந்த "பெப்போசாக்ஸ்" என்ற கோள், சில மணி நேரத்தில் அதன் எக்ஸ்ரே மிச்சத்தைக் கண்டு இடத்தைச் சொல்லிற்று. லா பால்மா தீவிலுள்ள பெரிய தூரதர்சினியில், வெடித்து 21 மணி நேரத்திற்குள் வான் பாரடைஸ் என்பவரின் கூட்டத்தார் படம் எடுத்தார்கள். மார்ச் 8-ந் தேதி அதே இடத்தை மறுபடியும் படமெடுத்தார்கள். முதற் படத்தில் இருந்த ஒரு சிறு புள்ளி இரண்டாவதில் இல்லை! அந்தப் புள்ளிதான் மனிதன் முதன்முதலாய்ப் பிடித்த பின்னொளி வெளிச்சம்.

புள்ளி அகப்பட்டது, தூரம்? அதற்கு மே 8-ந் தேதி வெடிப்பு உதவிற்று. ஹவாய் தீவின் கெக் தூரதர்சினியில் அதன் ஒளியை நிறம் நிறமாய்ப் பிரித்தார்கள். இரும்பும் மக்னீசியமும் விழுங்கிய கறுப்புக் கோடுகள், இருக்க வேண்டிய இடத்தைவிட்டுச் சிவப்புப் பக்கம் வெகுவாய் நகர்ந்திருந்தன. அந்த நகர்ச்சியைக் கணக்கிட்டால், ஒளி புறப்பட்டு 600 கோடி வருஷத்திற்கு மேலாகிறது. பால்வீதி எங்கே, அது எங்கே! லாம்பின் கட்சி தோற்றது. பசின்ஸ்கியும் பேச்சினால் ஜெயித்தாரில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிறகு 2003-ல் மார்ச் 29-ந் தேதி வெடிப்பின் பின்னொளி மங்க மங்க, அதனுள்ளிருந்து ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துச் சாகும் அடையாளம் வெளிப்பட்டது. நீண்ட வெடிப்புகளின் காரணம் அதனால் விளங்கிற்று.

இன்னும் ஒன்று. 2008-ம் வருஷம் மார்ச் 19-ந் தேதி வெடிப்பின் வெளிச்சம், கருக்கிருட்டில் சரியான இடத்தைப் பார்த்துக் கொண்டிருந்தவனுக்கு, கண்ணாடியில்லாமல் வெறுங் கண்ணுக்கே அரை நிமிஷம் போலத் தெரிந்திருக்கும். 750 கோடி வருஷம் பிரயாணம் செய்து வந்த ஒளி. புறப்பட்டபோது சூரியனும் இல்லை, பூமியும் இல்லை. எந்தப் பஞ்சாங்கக்காரரும் அதைக் குறித்து வைக்கவில்லை. அரை மணி முன்னால் அதே திக்கில் வேறொரு வெடிப்பு நேர்ந்து, அந்தப் பக்கம் திரும்பியிருந்த யந்திரங்கள்தான் இதையும் முதலிலிருந்து படம் பிடித்தன.