சனிக்கிழமைக் கணக்கு

உங்கள் அப்பா 1985 வாக்கில் கட்டிய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, பின்பக்கம் சமையலறை. அன்றைக்குப் பதித்த இரும்புக் குழாய் உள்ளே துருவேறித் தண்ணீர் நூலாக வருகிறது. குளியலறையை ஒட்டிய சுவரில் ஓதம் ஏறி பெயின்ட் உரிகிறது. சமையலறையில் மிக்ஸிக்கும் ஃபிரிட்ஜுக்கும் சேர்த்து ஒரே ப்ளக் பாயின்ட். நடுவில் இருக்கிற சுவரை எடுத்துவிட்டால் ஹாலும் சமையலறையும் ஒன்றாகி வீடு விசாலமாகுமே என்று வீட்டில் ஒரு பேச்சு. சரி, செய்துவிடலாம் என்று முடிவானதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "நம்பிக்கையான ஆள் யாராவது தெரியுமா?"

கேட்க வேண்டிய கேள்விதான். கொஞ்சம் சீக்கிரம் கேட்டுவிடுகிறோம், அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் நடக்கிற சண்டைகளைக் கவனித்தால், அசல் ஏமாற்றுக்காரனிடம் மாட்டிக்கொண்ட கதை அவற்றில் கொஞ்சமாகத்தான் இருக்கும். என்ன வேலை, எந்தப் பொருளில், எந்த அளவில், எந்தக் கட்டத்தில் பணம் என்பதை இருவரும் ஆளுக்கொரு விதமாக நினைத்துக்கொண்டதுதான் பல சண்டைகளுக்கு வேர். மேஸ்திரி வந்து "என்ன சார் செய்யணும்?" என்று கேட்கும்போது வீட்டிலுள்ள நான்கு பேரும் நான்கு பதில் சொன்னால், அவர் ஐந்தாவதாக ஒன்றைச் செய்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே முதலில் வீட்டைத் தெரிந்துகொள்வோம். அந்த நடுச் சுவரிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு டேப்பை எடுத்து அதன் கனத்தை அளந்து பாருங்கள். பூச்சோடு சேர்த்துப் பத்து அங்குலம் வந்தால் அது ஒன்பது அங்குலச் சுவர். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் தூண் கிடையாது. தளத்தின் முழுப் பாரத்தையும் சுவர்கள்தான் சுமக்கின்றன. ஐந்தரை அங்குலம் வந்தால் அது நாலரை அங்குலச் சுவர், பெரும்பாலும் வெறும் தடுப்பு. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். அந்த ஒரு சொல்லை நம்பிச் சம்மட்டி தூக்கக் கூடாது. "சுவரை எடுத்துட்டு ஒரு பீம் போட்டுக்கலாம் சார்" என்று மேஸ்திரி சுலபமாகச் சொல்லுவார். பீம் போடலாம்தான். அது எந்தச் சுவரில் எவ்வளவு உட்கார வேண்டும், உள்ளே எத்தனை கம்பி, அந்தச் சுவரின் அஸ்திவாரம் கூடுதல் பாரத்தைத் தாங்குமா, சுவரை எடுக்கும் முன் தளத்துக்கு எங்கெங்கே முட்டுக் கொடுப்பது என்பதையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். ஒருமுறை வந்து பார்த்து வரைந்து கொடுக்க அவர் வாங்கும் கட்டணத்தை வீண் செலவு என்று நினைப்பவர்கள், அதைப் போல் பல மடங்கை மாடுலர் கிச்சனுக்குக் கொடுக்கத் தயங்குவதில்லை. எனக்கு இது புரிந்ததே இல்லை.

அந்த பீமுக்கு நாட்களும் தேவை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 456 விதிப்படி, ஆறு மீட்டருக்குள் நீளம் கொண்ட பீமின் அடியில் முட்டு குறைந்தது 14 நாள் நிற்க வேண்டும். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்டுவது சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது ஏழு நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்குப் பத்து நாள். "ரெண்டே வாரத்தில முடிச்சுத் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால், இந்த நாட்களை எங்கே வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

தூண் உள்ள வீடு என்றால் நடுச் சுவரை எடுப்பது எளிது. அங்கே வேறு ஓர் ஆபத்து உண்டு. ஏ.சி. குழாய் போக வழி இல்லை என்று பீமிலோ தூணிலோ துளை போட்டுவிடுவார்கள். மின்சார வேலைக்காரர்கள் சுவரில் குறுக்காக நீளமாகக் காடி வெட்டுவதும் அப்படித்தான். பாரம் தாங்கும் சுவரில் மேலிருந்து கீழாக வெட்டினால் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். குறுக்காக வெட்டினால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. கருவியைக் கையில் எடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.

மயிலாப்பூரிலோ கும்பகோணத்திலோ இன்னும் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் தேக்கு உத்திரக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் இருக்கலாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து இறுக்கிய தளம் அது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, சில வருடங்களில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வரும். சிமென்ட் வேலை எவ்வளவு நன்றாகத் தெரிந்தவராக இருந்தாலும் இந்த வீட்டுக்கு அவர் ஆள் இல்லை. காரைக்குடிப் பக்கமும் புதுச்சேரியிலும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. விசாரித்துக் கூப்பிடுங்கள்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளையடிப்பது, டைல்ஸ் மாற்றுவது போன்ற வேலைகள் வேறு. சுவரை இடிப்பது, அறையை நீட்டுவது, மாடி எழுப்புவது வேறு. இரண்டாவது வகைக்கு 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் உண்டு. மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும்.

இப்போது ஆளுக்கு வருவோம். அதற்கு முன்னால், வேலையை எப்படி விடப்போகிறோம் என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும். நாள் கூலிக்கு விட்டால் நாள் நீளும். சதுர அடிக்கு விட்டால் கை ஓடும். பொருளோடு சேர்த்து மொத்தமாக விட்டால் பொருள் இளைக்கும். லேபர் காண்டிராக்ட் பேசி, பொருளை நாமே வாங்கிக் கொடுத்தால் சேதாரம் கூடும். கலவை மிஞ்சிக் காய்ந்து கிடந்தால் அவருக்கு நஷ்டம் இல்லையே. யோக்கியமான ஆளையும் பேசிய முறை தன் பக்கம் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். நாம் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தோமோ, அது இழுக்கிற பக்கத்தில் கண்ணை வைக்க வேண்டும். மொத்தமாக விட்டால் சிமென்ட் மூட்டையில் அச்சிட்ட வாரத்தையும், வயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், ஏ.சி.க்கும் கீசருக்கும் நாலு சதுர மில்லி வயர்தான் போகிறதா என்பதையும் பாருங்கள். சதுர அடிக்கு விட்டால் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் நீங்களே வைத்துப் பாருங்கள். பழைய வீட்டில் உடைத்துப் பார்த்தால்தான் பல சங்கதி தெரியும் என்பதால், இடிக்கிற வேலையை மட்டும் நாள் கூலிக்கும், மற்றதை உருப்படி உருப்படியாக விலை பேசியும் விடுவது என் கட்சி.

யாரை விசாரிக்கும்போதும் "ஆள் நல்லவரா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். அவர் முடித்துக் கொடுத்து இரண்டு மழைக்காலம் கண்ட வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். புது வேலை எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டு முறை பெய்த பிறகு மாடிக் கைப்பிடிச் சுவரின் அடியில் பாருங்கள். குளியலறைத் தரையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, அது வடிகாலைத் தேடி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று பாருங்கள். டைல்ஸை விரல் கணுவால் தட்டுங்கள். உள்ளே பொள்ளலாக இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வீட்டம்மாவிடம் ஒரே கேள்வி போதும்: "பணம் முழுக்க வாங்கின பிறகு ஒரு ஒழுகல்னு கூப்பிட்டா வந்தாரா?"

இப்போது நடக்கும் வேலையிடம் ஒன்றையும், சொல்லாமல் போய்ப் பாருங்கள். சிமென்ட் மூட்டை பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கியிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமையும் யாராவது தண்ணீர் காட்டுகிறார்களா? சாரத்தில் நிற்கிறவர் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? ஆட்களின் உயிரைப் பார்க்காதவர் உங்கள் சுவரைப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அவருடைய ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களா என்றும் கேட்கலாம்.

மூன்று பேரிடம் விலை கேட்பது வழக்கம். மூன்று பேருக்கும் ஒரே பட்டியலைக் கொடுத்தால்தான் அதற்கு அர்த்தம். இடித்த குப்பையை யார் அள்ளுவது? மாடிக்கு மணல் ஏற்றும் கூலி யாருடையது? சாரம், ஸ்கர்ட்டிங், டைல்ஸுக்கு இடையில் போடும் க்ரௌட், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்த விலையா? மிகக் குறைவாகச் சொல்கிறவர் பெரும்பாலும் இவற்றில் ஏதோ நான்கைச் சொல்லாமல் விட்டிருப்பார். வேலை பாதியில் நிற்கும்போது அவை ஒவ்வொன்றாக வெளியே வரும்.

அடுத்தது பணம். கட்டட வேலையில் வாரக் கணக்கு சனிக்கிழமை. சாயங்காலம் பெரியாளுக்கும் சித்தாளுக்கும் கூலி எண்ணிக் கொடுத்தாக வேண்டும். காண்டிராக்டர் கையில் அன்றைக்குப் பணம் இல்லை என்றால் திங்கட்கிழமை ஆட்கள் வேறு சைட்டில் இருப்பார்கள். இதை அறியாத வீட்டுக்காரர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒருவர் பயந்துபோய்ப் பாதித் தொகையை முதலிலேயே கொடுத்துவிடுகிறார். அந்தப் பணம் காண்டிராக்டருடைய முந்தைய சைட்டின் சனிக்கிழமைக்குப் போய்விடுகிறது. இன்னொருவர், வேலை முடியட்டும், மொத்தமாகத் தருகிறேன் என்று இழுத்தடிக்கிறார். ஆள் வருவது நின்றுவிடுகிறது. பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மீதியைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் ஏதோ ஒரு சனிக்கிழமையில் விழும்படி அமைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. கட்டத்தின் பெயர் நாளாக இருக்கக் கூடாது, கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சோதனையாக இருக்க வேண்டும்.

குளியலறையை வைத்தே சொல்கிறேன். பழைய டைல்ஸை உடைத்துக் குப்பை வெளியேறியதும் ஒரு தொகை. புதுக் குழாய் போட்டு, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, ஒரு நாள் முழுக்க முள் இறங்காமல் நின்றதும் அடுத்த தொகை. அந்த இடத்தில் ஒரு வேலை உண்டு: சுவரை மூடுமுன் குழாயும் வயரும் போகும் வழியை, பக்கத்தில் டேப்பை நீட்டிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உதவும். பிறகு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, தரையிலிருந்து சுவரில் ஒரு அடியாவது ஏறியிருக்க வேண்டும். ஷவர் இருக்கும் பக்கம் ஆள் உயரத்துக்கு. வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து, 48 மணி நேரம் விடுங்கள். கீழ்த்தளத்தில் ஈரம் தெரியவில்லை என்றால் மூன்றாவது தொகை. டைல்ஸ் ஒட்டுவது இதற்கெல்லாம் பிறகுதான். அவசரப்படுகிறவர்கள் விட்டுவிடுவது இந்த 48 மணி நேரத்தைத்தான்.

சண்டை மூளும் இன்னொரு இடம் 'எக்ஸ்ட்ரா'. அங்கே ஒரு மாடம் வைத்தால் என்ன, இங்கே ஒரு பாயின்ட் சேர்த்தால் என்ன என்று நாம்தான் வாய்வார்த்தையாகச் சொல்கிறோம். கடைசியில் கணக்கு வரும்போது "இதையெல்லாம் சேர்த்துத்தானே பேசினோம்?" என்கிறோம். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வேலையிடத்திலேயே தொங்கவிடுங்கள். புதிதாக ஏதாவது சேர்த்தால் தேதி, அளவு, விலை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலை. வாட்ஸ்அப்பில் எழுதினாலும் சரி. முதல் தடவை கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நல்ல காண்டிராக்டர் இதை வரவேற்பார். விட்டுப்போன காசு அவருக்கும் இதனால்தான் கிடைக்கிறது. செலவில் பத்தில் ஒன்றரைப் பங்காவது இந்த நோட்டுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லாம் கைமீறிப் போனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் அதில் சேவை என்றே வரையறுக்கப்பட்டிருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்துக்கு, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே போய் நிற்க ரசீதும், வங்கி வழியாகப் பணம் போன தடயமும், அந்த நாற்பது பக்க நோட்டும் வேண்டும்.

வேலை முடியும்போது டைல்ஸில் அதே பேட்ச் எண் உள்ள ஒரு பெட்டியைத் தனியே எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் கடையில் அதே பெயரில் வாங்கினாலும் நிறம் ஒத்துப்போகாது. கடைசிப் பத்து சதவீதத்தை முதல் பெருமழை வரை நிறுத்தி வைப்பதாக ஆரம்பத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். மழை பெய்து, சுவர் காய்ந்தே இருந்தால், அந்தப் பணத்துக்காக அவரை நான்கு முறை வாசலுக்கு வரவழைக்காதீர்கள். வருகிற சனிக்கிழமையே கொடுத்துவிடுங்கள்.