போன்மியும் பொய்க்காசும்

(இளைஞர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற கூட்டத்தின் முடிவில் இளைஞர் இருவர் என்னிடம் ஒரு கருத்தை வைத்தனர். இதழ் தள்ளாடுகின்றது; தாள் விலையோ ஏறிக்கொண்டே போகின்றது. ஆகவே, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நகைப்படங்களை நூற்றுக்கணக்கில் வரைவித்து, அவற்றின் பெயரால் மறைநாணய வில்லை ஒன்றை வெளியிட்டு, இயக்கத்திற்குப் பொருள் திரட்டலாம் என்றனர். அவர்தம் நோக்கம் தூயது. வழியும் தூயதா என ஆராய்ந்து விடை கூறுவது என் கடன்.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். இரிச்சர்டு தாக்கின்சு என்னும் ஆங்கில உயிரியலறிஞர் 1976-இல் தம் நூலொன்றில் 'மீம்' என்னும் சொல்லைப் படைத்தார். 'போலச் செய்யப்பெற்றது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் குறுக்கி அவர் ஆக்கியது அது. ஓர் உள்ளத்தினின்று மற்றோர் உள்ளத்திற்குப் போலச்செய்தலால் பரவும் கருத்துக்கூறு என்பதே அவர் கொண்ட பொருள். இணையத்து நகைப்படத்தை அது குறித்தது பின்னரே. அதனை நம் இளைஞர் 'போன்மி' என ஆக்கி வழங்குவது வேர்ப்பொருளுக்கு முற்றும் ஒத்ததே. கேட்கும்பொழுதே நெஞ்சம் குளிர்கின்றது. இச்சொல்லாக்கத் திறனை இழிந்த வணிகத்திற்கு ஈடு வைக்கலாமா என்பதே என் கேள்வி.

போன்மி காசான வரலாற்றைக் கேளுங்கள். 2013 திசம்பரில் பில்லி மார்க்கசு, சாக்சன் பாமர் என்னும் இருவர், மறைநாணய வெறியை எள்ளி நகையாடவே, சப்பானிய நாய் ஒன்றின் படத்தைப் பொறித்துத் 'தோச்சு' நாணயத்தை வெளியிட்டனர். நகையாட்டே வெறியாயிற்று. 2021 மேத் திங்களில் ஒரு காசு 70 செந்தையும் தாண்டிற்று. அடுத்த ஆண்டு சூன் திங்களில் 10 செந்திற்கும் கீழே வீழ்ந்தது. உச்சியில் வாங்கியவன் கையில் எஞ்சியது நாயின் படம் மட்டுமே!

பின்னர்ச் செயற்கை நுண்ணறிவும் இக்களத்திற் புகுந்தது. நியூசிலாந்தினரான ஆண்டி அய்ரே உருவாக்கிய 'துரூத்து தெர்மினல்' என்னும் உரையாடற் பொறி, ஒரு கீழ்த்தர நகைப்பைப் புதுச் சமயம் போலப் பிதற்றிக்கொண்டிருந்தது. 2024 அக்தோபரில் பெயரறியா ஒருவர் அப்பிதற்றலின் பெயரால் வில்லை வெளியிட்டார். பொறி அதனைப் போற்றியது. அடுத்த திங்களிலேயே அவ்வில்லையின் சந்தை மதிப்பு 100 கோடித் தாலரைத் தாண்டியது. பின்னர் அதுவும் சரிந்தது.

இஃது எவ்வாறு இயல்கின்றது? 2024 சனவரியில் தொடங்கிய 'பம்புபன்' என்னும் தளத்தில், பெயரும் படமும் இருந்தாற் போதும்; சில மணித்துளிகளில் 100 கோடி வில்லைகள் பிறந்துவிடும். ஒவ்வொருவர் வாங்குந்தோறும் விலை ஏறுமாறு கணக்கு அமைந்துள்ளது. முந்தியவன் குறைந்த விலைக்கு வாங்குகிறான். பிந்தியவன் மிகுந்த விலை கொடுக்கிறான். முந்தியவன் விற்றதும் விலை சரிகின்றது. இங்கு நெல் விளையவில்லை, துணி நெய்யப்படவில்லை. ஒருவன் பெறும் ஈட்டம் முழுவதும் மற்றொருவன் இழப்பே. வாங்கினாலும் விற்றாலும் தளம் கட்டணம் பெற்றுக்கொள்கின்றது!

பெரியோர் பெயர் இருந்தால் காசு நிலைக்கும் என்பீர்களோ? 2025 சனவரி 17-இல், பொறுப்பேற்பதற்கு மூன்று நாள் முன்பு, தொனால்டு திரம்பு தம் பெயரில் வில்லை வெளியிட்டார். நூற்றுக்கு 80 பங்கு அவரைச் சார்ந்த நிறுவனங்களின் கையில் இருந்தது. இரண்டே நாளில் 70 தாலரைத் தாண்டிய விலை, ஏப்பிரலில் 10 தாலருக்கும் கீழ்ப்போயிற்று. அவ்வாண்டு பிப்பிரவரி 14-இல் அர்செந்தீனக் குடியரசுத் தலைவர் மிலே 'இலிப்ரா' என்னும் வில்லையைப் பரிந்துரைத்தார். சில மணி நேரத்திலேயே அது நிலைகுலைந்தது. அவரும் தம் பதிவை நீக்கிக்கொண்டார். நாட்டுத் தலைவர் பெயரே தாங்காத காசை நம் சிற்றிதழின் பெயர் தாங்குமா?

படமேனும் நமதாகுமா? மாந்தன் பங்கின்றிப் பொறியே படைத்த படத்திற்குப் பதிப்புரிமை இல்லை என அமெரிக்க முறைமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. 2025-இல் மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதிசெய்தது. இந்திய ஒன்றிய அரசோ, 2022 ஏப்பிரல் முதல் இத்தகு ஈட்டத்திற்கு நூற்றுக்கு 30 வரி விதிக்கின்றது; ஒரு வில்லையில் நேர்ந்த இழப்பை மற்றொன்றின் ஈட்டத்தில் கழித்துக்கொள்ளவும் இடமில்லை.

தோழர்களே! நம் வில்லையை வாங்குவோர் யார்? வெளிநாட்டுச் செல்வர் அல்லர். தமிழ் என்றதும் கைப்பொருளை எடுத்து நீட்டும் ஆசிரியரும், அச்சுக் கோத்தவரும், நெசவாளரும், கல்லூரி மாணவருமே! விலை சரியும் நாளில் அவர்கள் இழப்பது காசை மட்டுமன்று. நம்மீது கொண்ட நம்பிக்கையையும் இழப்பர். வள்ளுவப் பெருந்தகை சூதினைக் கள்ளுக்கு அடுத்த அதிகாரத்தில் வைத்தது வீணாகவா?

கருவியை நான் பழிக்கவில்லை. போன்மி வரையுங்கள்; வேண்டுமெனின் பொறியின் துணையும் கொள்ளுங்கள். ஆனால், சொல் உங்களுடையதாக இருக்கட்டும். பொறி, இணையத்திற் கிடக்கும் எழுத்தைக் கற்றே பேசுகின்றது. கலப்புத் தமிழை ஊட்டினால் கலப்புத் தமிழையே உமிழும். ஆகவே, நாளுக்கொரு தூய சொல்லை நகைச்சுவையோடு பரப்புங்கள், விலையின்றிப் பரப்புங்கள். இதழுக்கோ, ஒவ்வொருவரும் ஓர் உறுப்பினரைச் சேர்த்துக் கட்டணம் பெற்றுத் தாருங்கள். அதற்குப் பற்றுச்சீட்டு உண்டு, கணக்கு உண்டு, கேட்டால் காட்ட நமக்கு முகமும் உண்டு.

நம் மொழியில் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். இரண்டாவது இல்லாத முதலாவது நமக்கு வேண்டா!

வெல்க தமிழ்!